ஒரு பொறி, பல பணிமேடைகள்

கணினியின் மின்விசையை அழுத்தியதும் சிறிது நேரத்தில் திரையில் ஒரு காட்சி தோன்றுகிறது. பின்னணியில் ஒரு படம். அதன்மேல் சிறு சிறு சின்னங்கள். அடியிலோ முடியிலோ நீண்ட ஒரு பட்டை. பட்டையின் ஓரத்தில் ஒரு கடிகாரம். கோப்புகளைத் திறப்பதும், திறந்த சாளரங்களை நகர்த்துவதும், வேலை முடிந்தபின் கணினியை அணைப்பதும் இக்காட்சியின் வழியாகவே நடைபெறுகின்றன. இதனை டெஸ்க்டாப் என்று வழங்குவர். தமிழில் பணிமேடை எனலாம். எழுதுவோர் தம் மேசைமீது தாளையும் பேனாவையும் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொள்வதுபோல, கணினியில் வேலை செய்வோர் தம் கருவிகளைப் பரப்பி வைத்துக்கொள்ளும் இடம் இது.

விண்டோஸில் பழகியவர்கள் இப்பணிமேடையே கணினி என்று எண்ணிவிடுவதுண்டு. அங்குக் கணினியோடு வருவது ஒரே பணிமேடையாதலால் அவ்வாறு எண்ணுவதில் வியப்பில்லை. லினக்ஸ் என்னும் திறமூல மென்பொருளை நாடுவோர்க்கோ நிலைமை வேறு. லினக்ஸையும் அதற்கு வேண்டிய பிற மென்பொருள்களையும் ஒன்றாகத் தொகுத்து அளிப்பதை வழங்கல் என்பர். டெபியன் என்பது அத்தகைய வழங்கல்களுள் ஒன்று. அதனை ஒருவர் தம் வீட்டுக் கணினியில் நிறுவும்போதே, எந்தப் பணிமேடை வேண்டும் என்று வினவி ஒரு பட்டியல் திரையில் விரிகின்றது. க்னோம், எக்ஸ்.எப்.சி.இ., கே.டி.இ. பிளாஸ்மா, சின்னமன், மாத்தே, எல்.எக்ஸ்.கியூ.டி. எனப் பெயர்கள் நீளுகின்றன. புதியவர் திகைத்து நிற்பது இவ்விடத்தில்தான்.

இத்திகைப்பு இன்று பல வீடுகளுக்கு உரியதாகிவிட்டது. விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. அடுத்து வந்த விண்டோஸ் 11, குறிப்பிட்ட சில பாதுகாப்பு உறுப்புகளும் புதிய செயலியும் உள்ள கணினிகளையே ஏற்கும். ஆகவே, விசைப்பலகையும் திரையும் நன்றாகவே இயங்கும் கணினிகள் பல பரண்மீது ஏறும் நிலையை அடைந்தன. அவற்றைப் பரணேறாமல் காக்க ஒரு வழி லினக்ஸை நிறுவுதல். பழைய கணினியொன்று இன்னும் சில ஆண்டுகள் ஒரு வீட்டில் பயன்படுமா, அன்றிப் பழைய பொருள் வாங்குவோரிடம் போகுமா என்பது, பல நேரங்களில் அப்பட்டியலில் தேர்ந்தெடுக்கும் பெயரைப் பொறுத்து அமைகின்றது.

ஒரே பொறிக்கு இத்தனை முகங்கள் வந்ததெவ்வாறு? விடை 1984ஆம் ஆண்டில் இருக்கிறது. அவ்வாண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எக்ஸ் சாளர முறைமை என்னும் மென்பொருள் உருவாயிற்று. திரையில் கோடும் கட்டமும் வரைதல், சுட்டியும் விசைப்பலகையும் அனுப்பும் குறிப்புகளைப் பெறுதல் ஆகியவையே அதன் தொழில். சாளரத்திற்குச் சட்டம் எப்படி இருக்க வேண்டும், அதனை மூடும் பொத்தான் இடப்புறமா வலப்புறமா, பட்டை எங்கே அமைய வேண்டும் என்பவற்றைப் பற்றி அது ஒன்றும் விதிக்கவில்லை. வீட்டிற்கு அடித்தளமும் சுவரும் எழுப்பிய கொத்தனார், திண்ணையையும் வாயிலையும் குடியேறுவோர் தம் விருப்பம்போல் அமைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுச் சென்றதைப் போன்றது அது. விட்ட இடத்தைப் பிறர் நிரப்பினர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையாக நிரப்பினர்.

தொடக்கத்தில் அந்நிரப்பல் அழகாக அமையவில்லை. பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸ் கருவை வெளியிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் பலர் அதனைத் தம் கணினிகளில் நிறுவி, எக்ஸ் முறைமையையும் அதன்மேல் ஏற்றினர். ஆயினும், ஒரு மென்பொருளின் பட்டிகள் ஒரு விதமாகவும் மற்றொன்றின் பட்டிகள் வேறு விதமாகவும் இருந்தன. ஒன்றில் எழுத்தை நகலெடுக்கும் முறை மற்றொன்றில் செல்லாது. கணினி வல்லுநர்க்கு அது விளையாட்டு, வீட்டிலிருப்போர்க்கோ பெருந்தொல்லை.

இக்குறையை நீக்க முன்வந்தவர் ஜெர்மனியில் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் பயின்ற மத்தியாஸ் எட்ரிச் என்னும் மாணவர். வீட்டிலிருப்போர்க்கு ஏற்றவாறு, எல்லாம் ஒரே தோற்றமும் ஒரே நடைமுறையும் உடைய பணிமேடை ஒன்றை உருவாக்கலாம் என்று 1996 அக்டோபர் 14ஆம் நாள் அவர் இணையத்தின் வழியே அறிவித்து, நிரல் எழுத வல்லோரைத் துணைக்கு அழைத்தார். பலர் சேர்ந்தனர். 1998 ஜூலையில் அதன் முதற்பதிப்பு வெளிவந்தது. அதுவே கே.டி.இ. விண்டோஸ் 10 ஆதரவு இழந்த நாளும் கே.டி.இ. பிறந்த நாளும் ஒன்றாக அமைந்தது தற்செயலே எனினும், நினைவில் வைத்துக்கொள்ள எளிது.

இவ்வளவில் ஒரே பணிமேடையோடு கதை முடிந்திருக்கலாம். முடியாமற் போனதற்குக் காரணம் உரிமச் சிக்கல். பொத்தான், பட்டி, சாளரம் ஆகியவற்றை வரைவதற்கு எட்ரிச்சின் குழுவினர் கியூட் என்னும் கருவித்தொகுதியைப் பயன்படுத்தினர். அது நார்வே நாட்டு நிறுவனம் ஒன்றின் உடைமை. அதன் மூலநிரலைப் படிக்கலாம். கட்டணமின்றிக் கட்டற்ற மென்பொருள்களுக்குப் பயன்படுத்தலாம். ஆனால் திருத்திப் பிறர்க்கு வழங்குதல் அக்காலத்தில் கூடாது. படிக்கவும் திருத்தவும் திருத்தியதைப் பிறர்க்கு அளிக்கவும் உரிமை இருந்தாலன்றி ஒரு மென்பொருள் கட்டற்றதாகாது என்பது ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த கு.நூ. திட்டத்தின் கொள்கை. அடித்தளம் பிறர் உடைமையாயிருக்க, அதன்மேல் எழும் மாளிகை எவ்வளவு அழகாயிருந்து என்ன பயன் என்று பலர் அஞ்சினர். ஆதலால் மெக்சிகோவைச் சேர்ந்த மிகுவேல் டி இக்காசாவும் பெடரிக்கோ மேனாவும் 1997 ஆகஸ்டில் க்னோம் என்னும் மற்றொரு பணிமேடையைத் தொடங்கினர். ஜிம்ப் என்னும் பட வரைவு மென்பொருளுக்கென முன்பே எழுதப்பட்டிருந்த கட்டற்ற கருவித்தொகுதி அவர்களுக்குக் கைகொடுத்தது.

இரு சாராரும் சில ஆண்டுகள் கடுமையாகச் சொற்போர் புரிந்தனர். 2000ஆம் ஆண்டில் கியூட் கருவித்தொகுதியும் கட்டற்ற உரிமத்தின் கீழ் வந்தது. பூசலின் வேர் அறுந்தது. ஆனால் அதற்குள் இரண்டு மரங்களும் வளர்ந்துவிட்டன. இரண்டையும் ஒன்றாக்க எவராலும் இயலவில்லை. உழைப்பு இரண்டாகப் பிரிந்து வீணாயிற்று என்று வருந்துவோர் இன்றும் உளர். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. எனினும், க்னோம் எழாமலிருந்தால் கியூட்டின் உரிமம் அத்துணை விரைவில் மாறியிருக்குமா என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவ்விரண்டின் இயல்பும் வேறு வேறு. கே.டி.இ. குழுவினரின் பணிமேடை இன்று பிளாஸ்மா எனப்படுகிறது. அதன் 6ஆம் பெரும்பதிப்பு 2024 பிப்ரவரியில் வெளிவந்தது. விண்டோஸைப் போல அடியில் பட்டையும் மூலையில் தொடக்கப் பட்டியும் அமைந்திருந்தாலும், பட்டையை எப்பக்கத்திற்கும் மாற்றலாம்; சாளரத்தின் பொத்தான்களை இடம் மாற்றலாம்; நிறம், எழுத்து, அசைவு என எதனையும் மாற்றலாம். எல்லாவற்றையும் மாற்ற முடிவதே அதன் சிறப்பு. சிலர்க்கு அதுவே இடர்ப்பாடு. அமைப்புகளைத் திருத்துவதிலேயே மாலைப்பொழுது கழிந்துவிடும். க்னோம் இதற்கு மாறானது. தெரிவுகள் பெருகினால் குழப்பமும் பெருகும் என்பது அதனை ஆக்குவோர் கருத்து. ஆகவே மேலே மெல்லிய பட்டை ஒன்றும், மையத்தில் வெறுமையும் மட்டுமே அதில் காணப்படும். அதற்கு இசைந்து நடப்போர்க்கு அது மிக அமைதியான இடம்.

இசையாதார் என் செய்வர்? 2011 ஏப்ரலில் அவ்வினா பெரிதாக எழுந்தது. அதற்கு முன்னர் 2002 முதல் வழங்கிவந்த க்னோம் 2, பட்டைகளும் பட்டிகளும் உடைய பழகிய வடிவினது. பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் வீடுகளிலும் பலர் அதில் கைதேர்ந்திருந்தனர். க்னோம் 3 வெளிவந்தபோது அவ்வடிவம் முற்றிலும் மறைந்தது. திறந்த சாளரங்களின் பெயர்கள் வரிசையாய் நின்ற அடிப்பட்டை இல்லை. சாளரத்தைச் சுருக்கும் பொத்தானும் இல்லை. ஆக்கியோர் ஆழ்ந்து சிந்தித்தே இவற்றை நீக்கினர். ஆனால் பயன்படுத்துவோர் கைகள் அப்பொத்தானைத் தேடிக்கொண்டே இருந்தன. லினக்ஸைத் தோற்றுவித்த டோர்வால்ட்ஸே புதிய வடிவத்தை வெளிப்படையாகக் கண்டித்துவிட்டு எக்ஸ்.எப்.சி.இ.க்கு மாறினார். ஈராண்டுகளில் அவர் க்னோமுக்கே திரும்பினார் என்பதும் இதனோடு சேர்த்துச் சொல்லத்தக்கது.

வணிக மென்பொருளில் இத்தகைய மாற்றம் நேர்ந்தால் பயன்படுத்துவோர் முணுமுணுத்துவிட்டுப் பழகிக்கொள்வர்; வேறு வழியில்லை. இங்கு வழி இருந்தது. க்னோம் 2இன் மூலநிரல் யாவர்க்கும் உரியது. அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஒருவர் அந்நிரலை எடுத்து, தம் நாட்டார் விரும்பிப் பருகும் மாத்தே என்னும் பானத்தின் பெயரை அதற்கு இட்டு, அதே ஆண்டில் தொடர்ந்து பேணத் தொடங்கினார். பிறரும் துணை வந்தனர். லினக்ஸ் மின்ட் என்னும் வழங்கலை நடத்துவோர் மற்றொரு வழியைக் கொண்டனர். புதிய க்னோமின் உள்ளுறுப்புகளை வைத்துக்கொண்டு, பழைய முகத்தைத் தாமே புதிதாக எழுதினர். அதற்குச் சின்னமன் என்று பெயர். மின்ட் என்பது புதினா. சின்னமன் என்பது இலவங்கப்பட்டை. சமையலறைப் பெயர்கள் எனினும், விண்டோஸிலிருந்து வருவோர்க்கு இவ்விரண்டின் கூட்டே பெரும்பாலும் முதலில் பரிந்துரைக்கப்படுகிறது.

பெருமரங்களின் நிழலில் சிறுமரங்களும் உண்டு. ஒலிவியே பூர்தான் என்பவர் 1996இல் தொடங்கிய எக்ஸ்.எப்.சி.இ. அவற்றுள் ஒன்று. எலியைச் சின்னமாகக் கொண்ட இது, எலியைப் போலவே சிறியது, சுறுசுறுப்பானது. க்னோமின் புதிய பதிப்பு ஆறு திங்களுக்கு ஒன்றாக வருகிறது, எக்ஸ்.எப்.சி.இ.யோ 2015இல் ஒரு பதிப்பை வெளியிட்டபின் அடுத்ததை 2019இல்தான் வெளியிட்டது. இம்மெதுவைக் குறையாகக் கூறுவோர் உண்டு. நேற்றுப் பழகியது இன்றும் அவ்வாறே இருக்க வேண்டும் என்று விரும்புவோர்க்கு இதைவிடப் பெரிய நன்மை வேறில்லை. எல்.எக்ஸ்.கியூ.டி. இதனினும் எளியது, மிகப் பழைய கணினிகளுக்கென ஆக்கப்பட்டது என்றே கொள்ளலாம்.

இனித் தேர்வுக்கு வருவோம். முதலில் பார்க்க வேண்டியது கணினியின் நினைவகம். செயலி எதனையும் திறக்குமுன்னரே க்னோமும் பிளாஸ்மாவும் ஏறத்தாழ 1 ஜி.பி. அளவை எடுத்துக்கொள்ளும், சில வேளைகளில் சற்றுக் கூடுதலாகவும் கொள்ளும். எக்ஸ்.எப்.சி.இ., எல்.எக்ஸ்.கியூ.டி. ஆகியவற்றுக்கு அதில் பாதியோ, பாதிக்குச் சற்று மேலோ போதும். வழங்கலுக்கு வழங்கல் இவ்வளவு மாறும். 8 ஜி.பி. நினைவகம் உள்ள கணினிக்கு இவ்வேறுபாடு ஒரு பொருட்டன்று. அங்கே விருப்பமே அளவுகோல். 2 ஜி.பி. மட்டும் உள்ள கணினிக்கோ அந்த அரை ஜி.பி. உயிர்நிலை. விரலுக்குத் தக்க வீக்கம் என்னும் பழமொழி இங்கு முற்றிலும் பொருந்தும்.

இதில் பலர் காணத் தவறுவது ஒன்றுண்டு. பணிமேடை எவ்வளவு எளிதாயினும் இணைய உலாவி எளிதாவதில்லை. நான்கைந்து பக்கங்களைத் திறந்து வைத்தால், அவ்வுலாவி ஒன்றே பணிமேடையைவிடப் பன்மடங்கு நினைவகத்தை விழுங்கும். எளிய பணிமேடையை நிறுவிவிட்டுப் பத்துப் பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, லினக்ஸும் மெதுவாகத்தான் ஓடுகிறது என்று குறை கூறுவதில் பொருளில்லை. பழைய கணினியில் சுழலும் வன்தட்டு இருக்குமாயின், அதனை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. வட்டு ஒன்றைப் பொருத்துவது, பணிமேடையை மூன்று முறை மாற்றுவதைவிட மிகுந்த விரைவைத் தரும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது கை. அக்கணினியை மிகுதியாகப் பயன்படுத்துவோர் யார்? பல ஆண்டுகள் விண்டோஸில் கணக்கெழுதிய பாட்டனார் எனில், அவர் கை இடப்புற மூலையில் தொடக்கப் பட்டியை நாடும். அது அங்கேயே இருத்தல் வேண்டும். அவர்க்குச் சின்னமன், மாத்தே, எக்ஸ்.எப்.சி.இ. ஆகிய மூன்றும் ஏற்றவை. வீட்டின் இளையோர் க்னோமின் புதுமையை விரும்பி அதனை நிறுவிவிட்டு, பெரியவர் தடுமாறுவதைக் கண்டு நகைப்பது அறமாகாது. கைபேசியில் மட்டுமே பழகிய சிறுவர்க்கோ க்னோம் அயலாகத் தோன்றுவதில்லை. பார்வையற்றோர் பயன்படுத்தும் கணினியாயின் நிலைமை மீண்டும் வேறு. திரையில் உள்ளதை ஒலியாக்கிப் படித்துக் காட்டும் ஓர்க்கா என்னும் மென்பொருள் க்னோம் திட்டத்தில் வளர்ந்தது. ஆதலால் க்னோமையோ அதன் வழிவந்த மாத்தேயையோ முதலில் ஆய்ந்து பார்ப்பது தக்கது. அத்தகையோர்க்கு அழகும் அசைவும் ஒரு பொருட்டல்ல. ஒவ்வொரு பொத்தானும் தன் பெயரைச் சொல்கிறதா என்பதே பொருட்டு.

தமிழில் எழுதுவோர்க்கு ஓர் ஐயம் எழலாம். பணிமேடையை மாற்றினால் தமிழ் எழுத்து சிதையுமோ? 'கொ' என்னும் எழுத்தைத் தட்டினால், கணினியின் நினைவில் ககரம் முன்னும் ஒகரக்குறி பின்னுமாக நிற்கும். திரையிலோ கொம்பு முன்னும் துணைக்கால் பின்னுமாகப் பிரிந்து, இடையில் ககரம் அமைதல் வேண்டும். இவ்வேலையை முற்காலத்தில் க்னோம் சாரார் தம் நிரலால் ஒரு வகையாகவும், கே.டி.இ. சாரார் தம் நிரலால் வேறு வகையாகவும் செய்துவந்தனர். இன்று ஹார்ப்பஸ் என்னும் ஒரே நிரல்தொகுதி இரு பக்கத்தார்க்கும் இதனைச் செய்து தருகிறது. சொற்போர் புரிந்த இரு வீட்டாரும் ஒரே கிணற்றில் நீர் இறைக்கின்றனர் எனலாம். தமிழ்99 விசைப்பலகை அமைப்பும் எல்லாப் பணிமேடைகளிலும் கிடைக்கும். அதனைத் தேர்ந்தெடுக்கும் இடம் மட்டுமே மாறுபடும். பட்டிகளையும் அறிவிப்புகளையும் தமிழில் பெயர்க்கத் தன்னார்வலர் பலர் உழைத்துள்ளனர். ஆயினும் சில சொற்றொடர்கள் இன்னும் ஆங்கிலத்திலேயே நிற்பதைக் காணலாம்.

பேணுவோர் உளரா என்பதையும் ஆராய்தல் வேண்டும். உபுண்டு என்னும் புகழ்பெற்ற வழங்கல் யூனிட்டி என்னும் தனிப் பணிமேடையை 2011இல் தன் முதன்மைப் பணிமேடையாக்கிற்று. பலர் அதில் பழகினர். 2017இல் அதனை நடத்திய நிறுவனம் அதனைக் கைவிட்டு, மீண்டும் க்னோமுக்கே வந்தது. நிரல் கட்டற்றதாதலால் ஆர்வலர் சிலர் பின்னர் அதனைத் தொடர்ந்தனர். எனினும் ஆர்வலர் சிலரின் ஓய்வுநேரத்தை நம்பி நிற்பதற்கும், பெருங்குழு ஒன்றின் நாள்தோறுமான உழைப்பை நம்பி நிற்பதற்கும் வேறுபாடு உண்டு. படத்தில் கண்ட அழகை மட்டும் நம்பி, பெயர் கேள்விப்படாத பணிமேடையை வீட்டின் ஒரே கணினியில் நிறுவுதல் நன்றன்று. கடைசிப் பதிப்பு எவ்வாண்டில் வெளிவந்தது என்று பார்த்தாலே போதும். பேணுவோர் இருப்பதும் இல்லாததும் விளங்கிவிடும்.

இத்தனையும் ஆராய்ந்தபின்னும் ஐயம் நீங்காதாயின், நிறுவாமலே பார்த்துவிடலாம். வழங்கல்கள் பலவற்றை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை இயக்க முடியும். வன்தட்டில் உள்ள ஒரு கோப்பும் தீண்டப்படுவதில்லை. ஆனால் பென் டிரைவிலிருந்து ஓடும்போது எல்லாம் மெதுவாகவே இருக்கும். அதனைக் கொண்டு விரைவை மதிப்பிடுதல் கூடாது. தோற்றத்தையும் கைப்பழக்கத்தையும் மட்டுமே அதில் அறியலாம். அச்சுப்பொறி வேலை செய்கிறதா, கம்பியில்லா இணையம் கிடைக்கிறதா, திரையின் எழுத்துப் பெரியவர் கண்ணுக்குத் தெரிகிறதா என்பவற்றையும் அப்பொழுதே பார்த்துக்கொள்வது நல்லது.

நிறுவிய பின்னரும் வாயில் அடைபடுவதில்லை. ஒரே கணினியில் இரண்டு பணிமேடைகளை வைத்துக்கொண்டு, கடவுச்சொல் தரும் நுழைவுத்திரையின் மூலையில் உள்ள சிறு சின்னத்தை அழுத்தி, அன்றன்று வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம். கோப்புகள் இரண்டிற்கும் பொதுவே. இரண்டின் செயலிகளும் பட்டியில் கலந்து நிற்பதால், படம் பார்க்க இரண்டு கருவிகளும் குறிப்பெழுத இரண்டு கருவிகளும் காணப்படும். நிறமும் எழுத்தும் பற்றிய அமைப்புகள் சில வேளைகளில் ஒன்றோடொன்று முரணும். ஆதலால் அறிந்தோர் வேறொரு முறையைக் கையாளுவர். சோதனைக்கென்று கணினியில் இரண்டாவதாக ஒரு பயனர் பெயரை உருவாக்கி, புதிய பணிமேடையை அப்பெயரில் மட்டும் சில நாள் ஓட்டிப் பார்ப்பர். ஒத்துவரவில்லையெனில் அப்பெயரை நீக்கிவிடுவர். முதற்பெயரில் உள்ள கடிதங்களுக்கும் படங்களுக்கும் ஒரு குறையும் நேர்வதில்லை.